செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம்: பெற்றோரும் பஞ்சாயத்தாரும் அறிய வேண்டுவன

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் வல்லம் ஒன்றியத்துக் கிராமங்களில், ஆண்டுதோறும் மே மாதத்தில் மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளியானதும் ஒரு கேள்வி பல வீடுகளிலும் எழுகின்றது. "நம் பெண்ணை நர்ஸ் படிப்பில் சேர்க்க வேண்டும், எங்கே மனுப் போடுவது? எவ்வளவு செலவாகும்?" என்பதே அக்கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் அதற்குரிய விடை பெரும்பாலும் கேட்கத் தகுந்த இடத்திலிருந்து கிடைப்பதில்லை. பேருந்து நிலையத்தில் வண்ணத் தாள் வழங்குபவரும், 'இன்றே பணம் கட்டினால் இடம் நிச்சயம்' என்று வீடு தேடி வருபவரும் சொல்வதே விடையாகி விடுகின்றது. இரண்டு ஆண்டும் கையிருப்பும் கழிந்த பிறகு, கையில் உள்ள சான்றிதழைக் கொண்டு செவிலியராகப் பதிவு செய்துகொள்ள இயலாது என்பதை அப்பெண் அறிகின்றாள். இந்த இழப்பைத் தடுக்கப் பஞ்சாயத்து அங்கத்தினர்களால் முடியும் என்று நாம் நம்புவதால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே கூறத் துணிகின்றோம்.

செவிலியர் கல்விக்கும் இவ்வட்டாரத்துக்கும் பழைய தொடர்பு ஒன்றுண்டு. 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் மிஷன் மருத்துவராக இருந்தவர் ஜான் ஸ்கடர். தாயாரின் உடல்நலக் குறைவு காரணமாக அமெரிக்காவிலிருந்து அவருடைய இளம் மகள் ஐடா அங்கு வந்திருந்தார். ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக மூவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். பெண் ஒருத்தி வந்து உதவ வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுகோள். ஆண் மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்ல அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். பொழுது விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் இறந்து போயினர். அதுகாறும் அமெரிக்காவுக்குத் திரும்பிவிடும் எண்ணத்திலேயே இருந்த ஐடா, அதன் பின்னரே மருத்துவம் கற்க முடிவு செய்தார். 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்து, 1902-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். மருத்துவர் ஒருவர் மட்டும் இருந்து பயனில்லை என்பதை விரைவிலேயே உணர்ந்து, 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து 1918-இல்தான் ஏற்பட்டது. செவிலியர் பயிற்சி முன்னதாகவும் மருத்துவர் பயிற்சி பின்னதாகவும் அமைந்தமை கருதத் தக்கது. 1946-இல் அந்தச் செவிலியர் பள்ளி பட்டம் அளிக்கும் கல்லூரியாக உயர்ந்தது. அதே ஆண்டில் டில்லியிலும் செவிலியர் பட்டப் படிப்பு தொடங்கியது.

இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன. 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டவை அவ்வாறே நிகழ்ந்தன என்று காட்டுகின்றது. மருத்துவர்களை மட்டும் கொண்டு இந்நிலையை எய்தியிருக்க முடியாது. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் அமையும் துணை சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாகச் சென்று, கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, தடுப்பூசி நாளை நினைவூட்டி வந்த கிராம சுகாதாரச் செவிலியரின் கால்நடையும் அதில் அடங்கியுள்ளது. அவ்வேலைக்கு நம் ஊர்ப் பேச்சும் நம் ஊர் வழியும் அறிந்த பெண்களைவிடத் தகுந்தவர் யார்?

இனிப் படிப்பின் வகைகளுக்கு வருவோம். 'நர்ஸ் படிப்பு' என்று ஒரே பெயரால் நாம் குறிப்பிட்டாலும், சட்டப்படி பதிவு பெறத்தக்க அடிப்படைப் படிப்புகள் மூன்று. முதலாவது, ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் பயிற்சி, இரண்டு ஆண்டுகள். கிராம சுகாதாரப் பணிக்கு உரிய படிப்பு இதுவே. முன்னாளில் பத்தாம் வகுப்புத் தேறியவர்களும் இதில் சேர்ந்தனர். இப்போது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். இரண்டாவது, ஜி.என்.எம். எனப்படும் பொதுச் செவிலியம் மற்றும் மகப்பேறுப் பட்டயப் படிப்பு, மூன்று ஆண்டுகள். மூன்றாவது, பி.எஸ்ஸி. நர்சிங் என்னும் பட்டப் படிப்பு, நான்கு ஆண்டுகள். பட்டப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களைப் படித்துத் தேறியிருத்தல் அவசியம்; உயிரியலுக்கு ஈடாகத் தாவரவியலும் விலங்கியலும் இருக்கலாம். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி இப்பாடங்களில் நூற்றுக்கு 45 மதிப்பெண் விழுக்காடு வேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 40 போதுமானது. சேரும் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாளில் வயது 17 நிரம்பியிருக்க வேண்டும்.

பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப் பிரிவை எடுப்பது என்பதிலேயே இந்த வாயில் திறக்கவோ அடைபடவோ செய்கின்றது என்பதைப் பெற்றோர் நினைவில் வைத்தல் நலம். வணிகவியல் பிரிவில் படித்துவிட்டு, முடிவு வந்த பிறகு பட்டப் படிப்புக்கு ஆசைப்பட்டுப் பயனில்லை. பள்ளியிலேயே தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் படித்த பெண்களும் சிலர் உண்டு. அது நல்ல அடிப்படையே; எனினும் அதுவே செவிலியர் பதிவுக்குப் போதுமானதன்று.

இவை தவிர, 'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயரில் ஒரு வகை நிறுவனங்கள் நம் மாநிலத்திலும் அண்டையிலுள்ள புதுச்சேரியிலும் உள்ளன. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கிய சமுதாயக் கல்லூரி இந்தியாவில் இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகின்றது. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்களுக்கும், நெடுங்காலம் கல்லூரியில் பயில வசதியற்றவர்களுக்கும், உடனே பிழைப்புக்கு உதவும் ஒரு தொழிலைக் குறுகிய காலத்தில் கற்றுத் தருவதே இவற்றின் நோக்கம். மருத்துவ உதவியாளர், நோயாளர் பராமரிப்பு போன்ற பயிற்சிகளும் இவ்வகை நிறுவனங்களில் அளிக்கப்படுவதுண்டு. தனியார் மருத்துவமனையில் உதவியாளராகவும், முதியோரை வீட்டில் பராமரிப்பவராகவும் வேலை தேடுவோருக்கு இப்பயிற்சி பயன் தரும். அதை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆயினும் இப்பயிற்சி முடித்தவர் சட்டப்படி செவிலியர் ஆகார்.

குழப்பம் எங்கே விளைகின்றது என்பதையும் கூற வேண்டும். அமெரிக்க நாட்டில் சமுதாயக் கல்லூரியில் இரண்டே ஆண்டுகள் செவிலியம் படித்தவர், உரிமத் தேர்வில் தேறினால், பதிவு பெற்ற செவிலியர் ஆகிவிடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் செவிலியர் பஞ்சம் மிகுந்திருந்த சமயத்தில் மில்ட்ரெட் மான்டேக் என்னும் அம்மையார் வகுத்த திட்டம் அது. 1952-இல் சில கல்லூரிகளில் பரிசோதனையாகத் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. அங்கே அரசின் பதிவுச் சட்டம் அப்படிப்பை ஏற்றுக் கொண்டிருக்கின்றது. இங்கே அவ்வாறில்லை. பெயர் ஒன்றாயிருப்பதால் பயனும் ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. 'வெளிநாட்டில் இரண்டு வருடப் படிப்புக்கே நர்ஸ் வேலை தருகிறார்கள்' என்று யாரேனும் கூறுவாராயின், அது அந்நாட்டுப் படிப்பைப் பற்றிய செய்தி என்று அவருக்கு எடுத்துக் கூறலாம்.

விவசாயிகளுக்கு இதை விளக்குவது எளிது. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. ரக வேர்க்கடலை இவ்வட்டாரத்தில் யாவரும் அறிந்ததே. அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. சான்று விதை வாங்கும்போது மூட்டையில் நீல அட்டை இருக்கின்றதா என்று பார்க்கின்றோம். அட்டையில்லாத மூட்டையிலும் கடலைதான் இருக்கும், முளைக்கவும் கூடும். ஆனால் முளைக்காது போனால் கேட்க நாதியில்லை. செவிலியர் பள்ளிக்கும் அப்படி ஓர் அட்டை உண்டு. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகளுக்கு உட்பட்டு, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் அங்கீகாரம் அப்பள்ளி பெற்றிருக்க வேண்டும். பட்டப் படிப்பாயின் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததாகவும் இருத்தல் வேண்டும். சென்னை மாகாணத்தில் 1926-இலேயே செவிலியர், தாதியர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய நர்சிங் கவுன்சில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்தது. அதன் இடத்தில் புதிய ஆணையம் ஒன்றை அமைப்பதற்கான சட்டத்தை 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியுள்ளது. அமைப்பின் பெயர் மாறினாலும் மூலக் கொள்கை மாறவில்லை: அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தவருக்குப் பதிவு இல்லை, பதிவு இல்லாதவருக்கு அரசுச் செவிலியர் பணியும் இல்லை. பட்டியலில் பள்ளியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு, எத்தனை இடங்களுக்கு அனுமதி என்பதையும் பார்க்க வேண்டும். பட்டயப் படிப்புக்கு மட்டும் அனுமதி பெற்று, பட்டப் படிப்புக்கும் பணம் பெறுவோர் இருக்கக் கூடும்.

அரசு இடங்களுக்கு விண்ணப்பிக்கும் முறை இதுவாகும். சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள, மருத்துவக் கல்வித் துறையைச் சேர்ந்த தேர்வுக் குழுவே இதை நடத்துகின்றது. பட்டப் படிப்புக்கும் பட்டயப் படிப்புக்கும் தனித்தனியே அறிவிப்பு வரும். ஒன்றுக்கு விண்ணப்பித்தது மற்றொன்றுக்கு ஆகாது. ஆகவே இரண்டுக்கும் விண்ணப்பித்து வைப்பதே விவேகம். நீட் தேர்வு எழுதாத மாணவியரும் மாநில அரசின் இந்த இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே அடிப்படை. இச்செய்தி பல வீடுகளுக்கு எட்டவில்லை. மருத்துவம் என்றாலே நீட் என்று எண்ணி, நல்ல மதிப்பெண் பெற்ற பெண்களும் ஒதுங்கி விடுகின்றனர். அரசுக் கல்லூரி இடங்களோடு, தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் இக்கலந்தாய்வின் வழியே நிரப்பப்படுகின்றன. மாநிலத்தின் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு இங்கும் உண்டு.

விண்ணப்பம் இணையத்தின் வழியே செய்ய வேண்டுவதாகும். முதலில் தகவல் குறிப்பேட்டை முழுதும் படிக்க வேண்டும். அதைப் படிக்காமலேயே கணினி மையத்துக்குச் சென்று விடுவதால்தான் பாதித் தொல்லைகள் நேர்கின்றன. விண்ணப்பத்தில் கேட்கப்படும் கைப்பேசி எண் குடும்பத்தினருடையதாகவே இருத்தல் வேண்டும். மையக்காரர் தம் எண்ணைப் பதிந்து விட்டால், கலந்தாய்வு நாள் குறித்த செய்தி அவருக்குத்தான் போகும். அவரோ அன்று நூறு பேருடைய வேலையைப் பார்த்துக் கொண்டிருப்பார். கடவுச் சொல்லை ஒரு தாளில் எழுதி, மதிப்பெண் பட்டியலோடு வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி நாள் வரை காத்திருத்தலும் ஆகாது. அன்று மின்சாரம் இராது, அல்லது இணையம் இராது. இரண்டும் இருந்தால் கூட்டம் இருக்கும்.

சான்றிதழ்களைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரியாயின் அதற்குரிய சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தின் வாயிலாக விண்ணப்பிக்கலாம். இவற்றைத் தேர்வு முடிவு வந்த பிறகு தேடப் புறப்படுவது, மழை தொடங்கிய பின் கரையை உயர்த்தப் புறப்படுவது போன்றதே. மார்கழி, தை மாதங்களிலேயே விண்ணப்பித்து விடலாம். வருமானச் சான்று மட்டும் ஓராண்டுக்கே செல்லும். ஆகவே அதன் நாளைக் கவனிக்க வேண்டும். மாணவியின் பெயரும் தந்தையின் பெயரும் தலைப்பெழுத்தும் மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டை, சாதிச் சான்று ஆகிய எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒருமுறை சேர்த்து வைத்துப் பார்ப்பது நன்று. ஓர் எழுத்து வேறுபட்டாலும் கலந்தாய்வு மேஜையில் தகராறு வரும்.

இங்கே ஒரு பகுதியினரைத் தனியே குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை. செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் ஏரிக்கரையோரமும் செங்கற்சூளைகளிலும் வாழும் இருளர் குடும்பங்கள் பல உள்ளன. பிற வகுப்பினரின் சாதிச் சான்று வட்டாட்சியர் அலுவலக அளவிலேயே முடிந்துவிடும். பழங்குடியினர் சான்றையோ கோட்டாட்சியரே விசாரித்து வழங்க வேண்டும். செஞ்சி வட்டம் திண்டிவனம் கோட்டத்தைச் சேர்ந்தது. பெற்றோரிடம் பழைய ஆவணம் ஏதும் இல்லாமையாலும், வேலை தேடி இடம் பெயர்வதாலும், இச்சான்று கிடைக்கக் காலம் பிடிக்கின்றது. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஓர் இருளர் பெண் படித்து வந்து, சான்று வராத காரணத்தால் மட்டும் வாய்ப்பை இழப்பாளாயின், அந்தக் குறை அவளுடையதன்று. அப்பெண் பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே, கிராம நிர்வாக அலுவலரோடு சென்று மனுவைச் சேர்ப்பித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை விசாரிப்பது பஞ்சாயத்துத் தலைவருக்குப் பெரிய சுமையாகாது.

பணத்தைப் பற்றி: அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு, தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் மிகுதி. அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த பெண்களுக்குப் பட்டமோ பட்டயமோ முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கப்பட்டது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு உட்பட்ட தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடும்பங்களுக்கு மேற்படிப்பு உதவித் தொகை உண்டு. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்பதில்லை. ஆனால் படிப்பு அங்கீகாரம் பெற்றதாக இருத்தல் வேண்டும். உண்மையில், ஒரு பள்ளியின் தரத்தை அறிய எளிய வழி ஒன்று இதில் இருக்கின்றது. "இந்தப் படிப்புக்குக் கல்விக் கடன் தருவீர்களா?" என்று வங்கி மேலாளரைக் கேட்டுப் பாருங்கள். அவர் தயங்குவாராயின், நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டுமுன் நாமும் தயங்குவது நல்லது.

முன்பணமாக எதையும், குறிப்பாக மூலச் சான்றிதழ்களை, இடைத்தரகரிடம் கொடுத்தல் கூடவே கூடாது. கலந்தாய்வில் இடம் கிடைத்தும், சான்று வேறொருவர் பெட்டியில் சிக்கியிருந்தால் சேர முடியாது. அதை மீட்கக் கேட்கும் தொகையோ, சில சமயம் ஓராண்டுக் கட்டணத்துக்கு ஈடாக இருக்கும்.

படிப்பு எளிதா என்று கேட்பவர்களுக்கு ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ் வழியில் படித்த பெண்களுக்கு முதல் ஆறு மாதம் கடினமே. உடற்கூற்றியல் நூலின் சொற்கள் புதியனவாகத் தோன்றும். வகுப்போடு மருத்துவமனையிலும் பயிற்சி உண்டு. இரவுப் பணியும் உண்டு. புண்ணையும் குருதியையும் மரணத்தையும் பதினெட்டு வயதில் காண நேரும். இவற்றை முன்கூட்டியே பெண்ணிடம் பேசி, அவளுடைய விருப்பத்தை அறிந்து சேர்ப்பதே முறை. தந்தையின் ஆசைக்காகச் சேர்ந்து, முதலாண்டிலேயே திரும்புவதால் ஓர் இடமும் வீணாகும். ஆங்கிலம் வராது என்ற ஒரே அச்சத்தால் நின்றுவிடவும் வேண்டியதில்லை. அதே அச்சத்தோடு சேர்ந்து, இன்று வார்டுகளை நடத்துவோர் பலர்.

வேலை வாய்ப்பைப் பற்றியும் மிகைப்படுத்தலாகாது. அரசுச் செவிலியரை 2012-இல் ஏற்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு செய்கின்றது. தேர்வு பெற்றவர்கள் தொடக்கத்தில் தொகுப்பூதியத்தில் பணியாற்றி, காலியிடம் நேரும்போது நிரந்தரம் பெற வேண்டியவர்களாக இருந்து வந்துள்ளனர். அந்தக் காத்திருப்பு நீண்டது என்ற மனக்குறை அவர்களிடையே உண்டு. தனியார் மருத்துவமனைகளில் தொடக்க ஊதியம் பல இடங்களில் சொற்பமே. அயல்நாடு செல்ல விரும்புவோர், 1978-இல் தமிழக அரசு நிறுவிய அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தின் வழியே செல்வது பாதுகாப்பானது. இவ்வழிகள் அனைத்துக்கும் பதிவுச் சான்றே திறவுகோல்.

பஞ்சாயத்து செய்யத்தக்க காரியத்துக்குத் தனி நிதி ஏதும் வேண்டியதில்லை. மே 1-ஆம் நாள் கிராம சபை கூடும் காலமும் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வரும் காலமும் ஒட்டியே வருகின்றன. அன்று கணக்கு வழக்குகளைப் படித்து முடித்த பின், ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பெண்கள் யார் யார் என்று பெயர் படித்து, மேற்படிப்புக்கு என்ன ஏற்பாடு என்று கேட்கலாம். துணை சுகாதார நிலையத்துச் செவிலியரை அழைத்துப் பத்து நிமிடம் பேசச் சொல்லலாம். தாம் எங்கே படித்தோம், எப்படிச் சேர்ந்தோம் என்று அவர் கூறுவது நூறு துண்டுப் பிரசுரத்துக்கு மேலானது. பஞ்சாயத்து அலுவலகத்தில் இணைய வசதி உள்ள கணினி இருப்பின், விண்ணப்பத்துக்குரிய வாரத்தில் மாலை இரண்டு மணி நேரம் அதை மாணவியருக்கு விடலாம். ஊரில் கல்லூரி படித்த இளைஞர் ஒருவர் உடனிருந்தால் போதும்.

கலந்தாய்வு இணையத்தில் நடக்குமா, நேரில் நடக்குமா என்பதை அவ்வாண்டு அறிவிப்பைப் பார்த்தே அறிய வேண்டும். நேரில் செல்ல நேர்ந்தால், மூலச் சான்றுகளோடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல்களும் புகைப்படங்களும் எடுத்துச் செல்ல வேண்டும். கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி முன்னதாகவே வீட்டில் எழுதி வைத்துக் கொள்வதும் அவசியம். அங்கே யோசிக்க நேரம் இராது. விடுதி உள்ள கல்லூரி எது, அதற்குக் கட்டணம் என்ன என்பதையும் அப்பட்டியலில் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் மாலையே திண்டிவனத்திலிருந்து இரயிலிலோ பேருந்திலோ புறப்பட்டு விடுவது நலம். அதிகாலை வண்டியை நம்பிப் புறப்பட்டு, தாம்பரத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போது பெயர் அழைக்கப்பட்டுவிட்டால், வரிசை எண் கடந்துவிடும்.